பொறுங்கம்மாவும் எரியாத பல்பும்

தங்கை தன் இருபத்தாறு வயதுக்குள் எதிர்த்து நின்று வென்றவை, அக்காவுக்குத் தெரிந்தவரையில், இவை: முதுகு சாய்த்துக்கொள்ளும்படியான நாற்காலி ஒன்று. பட்டறையின் சோதனை மேசையில் ஜன்னலோரத்து இடம். தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியை யாரிடமும் கேட்காமல் நிறுத்தும் உரிமை. சாமான் அலமாரிக்கு இரண்டாவது சாவி. "இது சரியில்ல" என்று அவள் சொன்னால் முதலாளி ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மரியாதை. மூன்றாவது முயற்சியில் பத்தாம் வகுப்புக் கணக்கு. ஒரு பட்டப்பெயர், கேலியாக வந்ததுதான், ஆனாலும் வந்தது வந்ததுதான். கடைசியாக, ஒரு தாளின் அடிப்பகுதியில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு வெறுங்கோடு.

அந்தக் கோட்டுக்காகத்தான் அவள் படாத பாடு பட்டாள். மற்றதெல்லாம் போகிற வழியில் கிடைத்தவை.

பட்டியலை நம்பலாம். அக்கா தையல்காரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் என்றாலும், அவள் கால் அங்குலம் என்று சொன்னால் கால் அங்குலம்தான். அதில் நூலிழை கூடாது, குறையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தைத்துக் கொடுத்த சட்டையின் கழுத்தளவு இன்றைக்கும் அவள் நோட்டில் இருக்கிறது. சட்டைக்காரருக்கு இப்போது அந்தக் கழுத்து இல்லை, அது வேறு விஷயம்.

இருவரும் இரண்டே அறை கொண்ட வீட்டில் இருந்தார்கள். முன்னறையில் துணி வெட்டும் பெரிய மேசை. அதை ஒட்டினாற்போல் தையல் மெஷின். மேசையின் ஒரு மூலையை மட்டும் தங்கைக்கு விட்டுக்கொடுத்திருந்தாள் அக்கா. சுண்ணக்கட்டியால் எல்லைக்கோடு கிழித்துத்தான் கொடுத்தாள். துணி ஒரு நாளும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. தங்கையின் ஸ்குரூக்களும் கம்பித் துண்டுகளும் தாண்டாத நாளில்லை.

தங்கை வேலைக்குப் போனது ஆசிலேட்டர் செய்கிற ஒரு சின்னப் பட்டறைக்கு. ஆசிலேட்டர் என்பது நோட்டுப் புத்தகத்தை விடக் கொஞ்சம் பெரிய, கனத்த பெட்டி. முகப்பில் ஒரு டயல், ஒரு சுவிட்ச், அளவு காட்டும் மீட்டர். டயலைத் திருப்பினால் ஒரே ஒரு சத்தம் வரும். புல்லாங்குழலில் ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதியதுபோல. பாட்டு கேட்கும் ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் இந்தச் சத்தத்தை ஒரு பக்கம் உள்ளே விட்டு, மறுபக்கம் வருவதைச் சோதிப்பார்கள். உள்ளே போவது சுத்தமாக இருந்தால்தானே வெளியே வருவதில் குற்றம் கண்டுபிடிக்க முடியும். தம்ளரே அழுக்காக இருந்தால் தண்ணீரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

அங்கே அவளைச் சேர்த்துக்கொண்டது அட்டைப்பெட்டி மடிக்க. சோதித்து முடித்த ஆசிலேட்டரைப் பஞ்சுத் தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இவள் ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சுவிட்ச் போட்டு, ஹெட்ஃபோனைக் காதில் மாட்டி ஒரு நிமிஷம் கேட்பாள். கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போய், இதற்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள்.

முதலாளி நல்ல மனிதர்தான். பிறந்ததிலிருந்தே ஏதோ ஒரு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்போல எப்போதும் அவசரத்தில் இருப்பார், அவ்வளவுதான். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டைவிட்ட பெண்ணுக்கு இருக்கிற காது தன்னுடைய மீட்டருக்கு இல்லையா என்று கேட்டார். பட்டறையே சிரித்தது. இவள் நகரவில்லை. போனால் போகிறதென்று பெட்டியை, சத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்பில் மாட்டினார். திரையில் மலை மலையாக வழுவழுவென்று வரவேண்டிய கோடு, சீப்பை வைத்து முடி வெட்டியதுபோல உச்சி தட்டையாக வந்தது. சிரிப்பு நின்றது. மறுநாளே அவளைச் சோதனை மேசைக்கு மாற்றினார். ஜன்னலோரத்துக்கு வர இரண்டு மாதம் ஆனது. நாற்காலிக்கு முதுகு வர ஒரு வருஷம்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு குட்டிப் பல்பைப் பொத்திக்கொண்டு வந்தாள். நெல்லிக்காயில் கால்வாசி இருக்கும். இதுதான் பெட்டியின் பெரிய மனுஷர் என்றாள்.

அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். தலைமுடியை விட மெல்லிசான கம்பி ஒன்று இரண்டு கால்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் பிறக்கும் சத்தத்தில் ஒரு பங்கை எடுத்து அதே பெட்டிக்குள்ளேயே திரும்ப ஊட்டுகிறார்களாம். அதனால்தான் சத்தம் உயிரோடு இருக்கிறதாம். ஊட்டுவது இம்மி குறைந்தாலும் சத்தம் இளைத்து இளைத்து அடங்கிவிடும். இம்மி கூடினால் வளர்ந்து வளர்ந்து கூரையில் தலை இடிக்கும். அப்போதுதான் உச்சி தட்டையாகும், கலப்படம் சேரும். கூடாமல் குறையாமல் ஊட்டக் கையால் திருகி வைத்தால் காலையில் வைத்தது மத்தியானத்துக்கு நிற்காது.

"அதுக்குத்தான் இந்தப் பல்பு" என்றாள் தங்கை. "சத்தம் பெருசானா கம்பி சூடாகும். சூடானா கரண்டுக்கு வழிவிட மாட்டேன்னு முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிச்சா ஊட்டுறது குறையும். சத்தம் இறங்கும். இறங்கினா கம்பி ஆறிடும், மறுபடி வழிவிடும்."

"அப்போ இது எரியவே எரியாதா?"

"எரியாது. வெதுவெதுன்னு இருக்கும், அவ்வளவுதான்."

"எரியாம உக்காந்திருக்கிறதுக்கு ஒரு பல்பா. உங்க முதலாளி வீட்டுச் சொந்தக்காரப் பையனா இருக்கும்."

"சிரிக்காதே. நீ நூல் இறுக்கத்தை நாளைக்கு நாலு தடவை திருகுறே இல்ல? இது தன்னைத்தானே திருகிக்கும்."

அக்கா சிரிப்பதை நிறுத்தினாள். துணி மாறும்போதெல்லாம் நூல் இறுக்கத்தைத் திருகித் திருகி அவள் கட்டைவிரலில் காய்ப்பு விழுந்திருந்தது. தன்னைத்தானே திருகிக்கொள்ளும் ஒன்றை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. பல்பை இரண்டு விரலால் எடுத்து, பித்தான் டப்பாவில் பஞ்சு விரித்து அதன் மேல் வைத்தாள்.

அந்தப் பல்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டயலைத் திருப்பியதும் ஊசி ஒரு துள்ளு துள்ளும். மேலே போய், கீழே வந்து, மெல்ல அடங்கும். பல்புக்கம்பி தன் சூட்டைச் சரிசெய்துகொள்ள அவ்வளவு நேரம் ஆகிறது. நாலு வினாடி, சில சமயம் ஆறு. அதற்குள் அளவெடுத்தால் எடுத்தது பொய். முதலாளிக்கு ஆறு வினாடி என்பது ஆறு வருஷம். டயலில் கை வைக்கும்போதே பேனா மூடியைத் திறந்துவிடுவார். "பொறுங்க" என்பாள் தங்கை. "பொறுங்க, இன்னும் நிக்கல." ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னாள். மாதக் கடைசியில் பட்டறை முழுக்க அவளுக்குப் பெயர் பொறுங்கம்மா.

பெயர் வந்தது, கோடு வரவில்லை. ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு சோதனைத்தாள் போகும். அதன் அடியில் 'சோதித்தவர்' என்று போட்டு ஒரு கோடு. சோதிப்பது அவள், அதில் கையெழுத்துப் போடுவது முதலாளி. டிப்ளமோ இல்லாத கை அந்தக் கோட்டில் படக்கூடாது என்பது அவர் கொள்கை. அவரிடமும் டிப்ளமோ இல்லை என்பதைப் பட்டறையில் யாரும் நினைவுபடுத்தவில்லை.

அவள் கையெழுத்து எங்குமே இல்லை என்பது அக்காவுக்குத் திடீரென்று ஒரு நாள் உறைத்தது. வருகைப் பதிவேட்டில் ஒரு டிக். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டதெல்லாம் அக்காதான். வீட்டு ஒப்பந்தமும் அக்கா பெயரில். தங்கை மட்டும், சட்டை அளவு மாதிரிக்காக அக்கா வெட்டி வைத்திருக்கும் பழுப்புத் தாள்களின் ஓரத்தில் தன் பெயரை விதவிதமாக எழுதிப் பார்ப்பாள்: சாய்த்து, நிமிர்த்தி, கடைசி எழுத்தின் வாலை நீட்டி, நீட்டாமல். அந்தத் தாளை வைத்து ஒரு மேஸ்திரிக்குச் சட்டைக் கை வெட்டித் தைத்தாள் அக்கா. சட்டை என்னவோ நன்றாகத்தான் வந்தது.

இப்படி இருக்கையில் ஒரு கம்பெனி பன்னிரண்டு பெட்டி கேட்டது. தங்கை பன்னிரண்டையும் சோதித்தாள், முதலாளி கையெழுத்துப் போட்டார், பெட்டிகள் போயின. பத்தே நாளில் பன்னிரண்டும் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே புகார்: சத்தத்தில் கலப்படம்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்றாள் தங்கை. சாமான் அறைக்காரர் உட்பட எல்லோரும் சுற்றி நிற்க, அவள் முதல் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே நெல்லிக்காயில் கால்வாசி இருக்கவேண்டிய இடத்தில் முழு நெல்லிக்காய் உட்கார்ந்திருந்தது. டார்ச் லைட் பல்பு.

"அது நான்தான் தங்கச்சி" என்றார் சாமான் அறைக்காரர், பெருமையோடு.

அவர் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். பெட்டிகளுக்குக் கடைசி ஸ்குரூ போடுகிறவர் அவர். மூடி திறந்திருக்கும்போது சுவிட்ச் போட்டுப் பார்த்திருக்கிறார், பல்பு எரியவில்லை. அடுத்த பெட்டியிலும் எரியவில்லை. பன்னிரண்டு பல்பும் ஃபியூஸ் போயிருக்கிறதே, வெளியே தெரிந்தால் பொறுங்கம்மாவின் மானம் போகுமே என்று, யாரிடமும் மூச்சு விடாமல் பன்னிரண்டையும் மாற்றிவிட்டார். மாற்றிய பல்பும் எரியவில்லை. கழற்றி டார்ச்சில் போட்டால் எரிகிறது, பெட்டியில் போட்டால் எரிவதில்லை. பெட்டிக்குள் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, பெரியவர்கள் விஷயம் என்று அப்படியே மூடிவிட்டார்.

தங்கைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லையாம். டார்ச் பல்பின் தடித்த கம்பியை வெதுவெதுப்பாக்கவே அந்தப் பெட்டிக்குத் தெம்பு போதாது. அடக்குகிற ஆள் இல்லாத வீடுபோல, சத்தம் அதன் இஷ்டத்துக்குக் கூரையை முட்டியிருக்கிறது. சாமான் அறை அண்ணன் கையைப் பிடித்து, பல்பு எரிந்தால்தான் தப்பு, எரியாவிட்டால் சரி என்று நாலு தடவை சொன்னாள். அவர் நாலு தடவையும் தலையாட்டினார். நம்பினதாகத் தெரியவில்லை.

பழைய பல்புகளைத் திரும்ப மாட்டினார்கள். குற்றம் அவளுடையது இல்லை என்று முதலாளிக்குப் புரிந்தது. ஆனால் வாங்குகிற கம்பெனி இப்போது வேறு கட்டளை போட்டிருந்தது: அடுத்த புதன்கிழமை தங்கள் ஆய்வாளரே நேரில் வருவார். பெட்டிகளைச் சோதிக்கிற ஆள் யாரோ அவரே ஆய்வாளர் கண்ணெதிரில் பன்னிரண்டையும் சோதித்துக் காட்டவேண்டும். முதலாளி தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஆறு வினாடி பொறுக்கிற கை அது இல்லை என்று அவருக்கே தெரியும்.

"பன்னெண்டும் நின்னுச்சுன்னா அந்தக் கோடு உன்னுது" என்றார் தங்கையிடம். "ஒண்ணு ஆடினாலும் மறுபடி நீ அட்டைப்பெட்டி மடிக்கத்தான் போகணும். பேச்சு மாற மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் சுண்ணாம்பு அடித்தார்கள். தங்கை இரண்டு பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். பக்கத்து சீட்டு அம்மாள் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டாளாம். மத்தியானம் சாப்பிட்ட கையோடு பெட்டியை மேசையில் வைத்துச் சுவிட்சைப் போட்டாள். அக்காவுக்கு ஓர் அலுவலகத்துக்காக முப்பத்திரண்டு திரைச்சீலை தைக்கவேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு வேலையாக உட்கார்ந்தார்கள்.

சற்று நேரத்தில் தங்கையின் குரல் வந்தது. "அக்கா, இங்க வாயேன். ஊசி நடுங்குது."

அக்கா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தாள். ஊசி நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றது.

"நல்லாத்தானே நிக்குது."

"நீ வர்ற வரைக்கும் ஆடுச்சு."

அக்கா போய் உட்கார்ந்து தைத்தாள். மறுபடி கூப்பிட்டாள் தங்கை. மறுபடி வந்து பார்த்தாள். மறுபடி கம்பம். மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது தங்கை பெட்டியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன்னைக் கண்டா இதுக்குப் பயம்."

"உனக்கு இல்லாத பயம் அதுக்காவது இருக்கே. சந்தோஷம்."

தங்கை பல்பை மாற்றினாள். சால்டரிங் வைத்த இடங்களையெல்லாம் கழற்றித் திரும்ப வைத்தாள். டயலைத் துடைத்தாள். கம்பியை மாற்றினாள், பிளக்கை மாற்றினாள். இரண்டாவது பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்தாள், அதுவும் நடுங்கியது. பட்டறையில் நிற்கிற பெட்டி இங்கே ஏன் ஆடுகிறது என்று மேசைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தாள். மணி நாலு ஆனது. சுண்ணக்கட்டிக் கோட்டைத் தாண்டி வந்த ஸ்குரூக்கள் இப்போது திரைச்சீலை மேலேயே உருண்டன. புதன்கிழமையை நினைத்து அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. அக்கா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல, தையலை மட்டும் வேகப்படுத்தினாள். அவளுக்கு மனசு சரியில்லை என்றால் கால்தான் வேகமாக ஓடும்.

"ரொம்ப ஆடுது இப்போ" என்றாள் தங்கை.

ஓரம் முடிந்ததால் நூலை வெட்ட அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"ஆ, நின்னுடுச்சு."

அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். "நான் எழுந்து வரவே இல்லையே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா காலை மிதியில் வைத்து அழுத்தினாள்.

"இப்போ?"

"ஆடுது."

நிறுத்தினாள். "இப்போ?"

"நிக்குது."

மெதுவாக மிதித்தால் மெதுவாக ஆடியது. வேகமாக மிதித்தால் வேகமாக. அந்த முடியளவு கம்பி இரண்டு காலுக்கு நடுவில் தொங்கிக்கொண்டுதானே இருக்கிறது. மேசை அதிர்ந்தால் அதுவும் அதிர்கிறது, அதிர்ந்தால் அதன் சூடு கலைகிறது, சூடு கலைந்தால் சத்தம் தடுமாறுகிறது. தங்கை நாற்காலியில் சாய்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ரெண்டு மணி நேரமா" என்றாள் அக்கா, "நீ வைத்தியம் பார்த்தது என் தையல் மெஷினுக்கா?"

வியாதி தெரிந்துவிட்டது. மருந்து அக்கா கையில் இருந்தது. திரைச்சீலையில் மிஞ்சிய துணியை ஐந்து மடிப்பாக மடித்து, மூன்று விரல் அகலத்தில் சதுரமாக வெட்டி, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து, பெட்டியின் நாலு மூலைக்கும் நாலு மெத்தை செய்தாள். அது விறைப்பாக இருந்தது, ஊசி ஆடியது. பஞ்சு வைத்துத் தைத்தாள். பெட்டியே படகுபோல ஆடியது. ஏழு மடிப்புத் துணிக்கு நடுவில் ஒரே ஒரு சுற்றுக் கம்பளி நூல் வைத்துத் தைத்தபோது சரியாக வந்தது. அக்கா ஏறி மிதித்து ஓட்டினாள், ஊசி அசையவில்லை. ஏழு மடிப்பு, ஒரு சுற்று நூல் என்று நோட்டில் குறித்துக்கொண்டாள், மேஸ்திரியின் கையளவுக்குப் பக்கத்தில்.

திங்கட்கிழமை தங்கை நாலு மெத்தையையும் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் ஒன்றைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா, பெட்டியா தொட்டிலா? மெத்தை போட்டு அனுப்பினா, பெட்டியில நோய் இருக்குன்னு நாமளே சொன்ன மாதிரி. எடுத்து உள்ள வை."

தங்கை மெத்தைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை மேல் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். அக்கா அன்றைக்கும் மறுநாளும் உட்கார்ந்து மொத்தம் நாற்பத்தெட்டு மெத்தை தைத்து முடித்தாள். எதற்கு என்று தங்கை கேட்டதற்கு, மிச்சத் துணி வீணாகப் போகவேண்டாமே என்றாள். மிச்சத் துணி செவ்வாய்க்கிழமை காலையிலேயே தீர்ந்துவிட்டதையும், முழுத்துணியில் கை வைத்ததையும் அவள் சொல்லவில்லை.

புதன்கிழமை பட்டறைக்குப் போக அக்காவுக்குக் காரணம் இருந்தது. பெட்டிகளின் மேல் தூசி படியாமல் போர்த்துவதற்குப் பன்னிரண்டு உறை தைக்கச் சொல்லி முதலாளியே கொடுத்திருந்தார். உறைகளைப் பையில் மேலாக அடுக்கினாள். அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பட்டறைக்குள் போனதும், கதவோரம் கிடந்த குட்டை முக்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் மேசைக்கு மேலே நடப்பது பாதியும், மேசைக்குக் கீழே நடப்பது முழுவதும் தெரியும்.

ஆய்வாளர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். கலப்படத்தை அளக்கத் தன் மீட்டரையே கொண்டுவந்திருந்தார். அதிகம் பேசவில்லை. முதல் பெட்டியைத் தங்கை போட்டு, டயலைத் திருப்பி, கையை எடுத்தாள். அவர் உடனே ஊசியைப் பார்க்கக் குனிந்தார்.

"பொறுங்க" என்றாள் தங்கை.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். ஆய்வாளர் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, பொறுத்தார். ஊசி துள்ளி, அடங்கி, நின்றது. எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு பெட்டிக்கும் அவராகவே பொறுத்தார். எட்டு பெட்டி இப்படி முடிந்தது. எட்டும் அவர் நின்றுகொண்டே பார்த்தவை.

எட்டாவது முடிந்ததும் முதலாளிக்கு உபசாரம் பண்ணத் தோன்றியது. விருந்தாளி இவ்வளவு நேரம் நிற்பதா. பட்டறையிலேயே முதுகு உள்ள நாற்காலி ஒன்றுதான்; தங்கை ஒரு வருஷம் போராடி வாங்கியது. அதைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். ஆய்வாளர் சாய்ந்து உட்கார்ந்து கால் மேல் கால் போட்டார்.

ஒன்பதாவது பெட்டியின் ஊசி துள்ளியது, அடங்கியது, அடங்கிய பிறகு நடுங்க ஆரம்பித்தது.

தங்கை பொறுத்தாள். பத்து வினாடி ஆனது. ஊசி நிற்கவில்லை. அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். அதை அவளே நிறுத்தியிருந்தாள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். லாரி எதுவும் இல்லை. சாமான் அறைக்காரர், பல்பு எரிகிறதோ என்னவோ என்ற கவலையோடு எட்டிப் பார்த்தார். முதலாளியின் கண் அறை மூலைக்குப் போய் வந்தது. அங்கேதான் மடிக்காத அட்டைப்பெட்டிகள் கட்டுக்கட்டாக இருந்தன. தங்கையும் அந்த மூலையைப் பார்த்தாள்.

அக்கா முக்காலியிலிருந்து வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் ஆய்வாளரின் தரையில் ஊன்றிய கால் ஓடிக்கொண்டிருந்தது. குதிகால் எழுந்து இறங்க, முழங்கால் ஒவ்வொரு தரமும் மேசைக்காலைத் தொட்டுத் தொட்டு மீண்டது. இருபது வருஷம் மிதி மிதித்தவளுக்கு அந்தத் தாளம் தெரியாதா. நல்ல ஓரத்தையல் வேகம்.

கத்திச் சொல்ல முடியாது. அக்கா தங்கையின் கண்ணுக்காகக் காத்திருந்தாள். அது மூலையிலிருந்து திரும்பித் தன் மேல் பட்ட அதே நொடியில், மடியிலிருந்த பையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இல்லாத மெஷின் ஒன்றைக் காலால் மிதித்துக் காட்டினாள். தங்கை ஒரு கணம் விழித்தாள். அப்புறம் மெல்லக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"சார்" என்றாள். "கொஞ்சம் காலை ஆட்டாம இருக்கீங்களா?"

முதலாளியின் உதடு மட்டும் அசைந்தது. ஆய்வாளர் தன் காலை, அது வேறு யாருடையதோ என்பதுபோலக் குனிந்து பார்த்தார். நிறுத்தினார். ஊசி நின்றது. ஆட்டினார். நடுங்கியது. நிறுத்தினார், நின்றது. இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தார். சின்னப் பிள்ளை சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல.

"என் பொண்டாட்டி பதினேழு வருஷமா சொல்றா" என்றார். பிறகு முகம் மாறியது. "சரிம்மா, என் காலை நான் கட்டிப் போட்டுடறேன். எங்க இடத்துல பக்கத்து அறையில நாள் பூரா பிரஸ் மெஷின் ஓடும். அதை யாரு கட்டிப் போடறது?"

தங்கை முதலாளியைப் பார்த்தாள். முதலாளி சுவரைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொன்னதை மீறிப் பேசினால் கோடு போனாலும் போகும். பேசாவிட்டால் பெட்டி போகும்.

"மெத்தை இருக்கு சார்" என்றாள். "எங்க அக்கா தைச்சது."

அக்கா எழுந்தாள். பன்னிரண்டு உறையையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துவிட்டு, அடியிலிருந்து நாலு மெத்தையை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்கும்போதே நூல் பிசிறு ஏதாவது தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். தங்கை ஒன்பதாவது பெட்டியைத் தூக்கி மெத்தை மேல் வைத்தாள். ஆய்வாளர் காலை ஆட்டினார். முழங்காலால் மேசையை இடித்தார். எழுந்து நின்று கையால் தட்டினார். ஊசி கம்பமாக நின்றது. சாமான் அறைக்காரர் கேட்காமலே தன் பங்குக்கு ஒரு குத்து விட்டார்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு மெத்தை மேலேயே முடிந்தன. ஆய்வாளர் கடைசிப் பெட்டியின் சோதனைத்தாளை எடுத்துத் தன் கணக்கோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தார். முதல் வரியில் விரல் நின்றது. ஆகத் தாழ்ந்த ஸ்வரத்துக்கான வரி அது. அங்கே மட்டும் கலப்படம் மற்ற வரிகளைவிடக் கூடுதலாக எழுதியிருந்தது. அலை அவ்வளவு மெதுவாக வரும்போது பல்பு ஒவ்வொரு அலைக்கும் சூடாகி ஆறி, அலையின் உருவத்தையே கொஞ்சம் கெடுத்துவிடும். அந்தப் பல்பு இருக்கிறவரை அதை ஒன்றும் செய்வதற்கில்லை. அந்த வரியை விட்டுவிடச் சொல்லி முதலாளி மூன்று தடவை சொல்லியிருந்தார். தங்கை விடவில்லை.

"எனக்கும் இதேதான் வந்தது" என்றார் ஆய்வாளர். "இந்த வரியை யாரும் எழுத மாட்டாங்க. எழுதினது யாரு?"

முதலாளி வழக்கம்போல மேசை மேலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனா மூடியைத் திறந்து, கோட்டின் மேல் குனிந்துவிட்டார். இருபது வருஷப் பழக்கம்; மூளைக்கு முன்னால் கை போனது.

"நீங்க இல்ல சார்" என்றார் ஆய்வாளர். "சோதிச்சவங்க."

முதலாளி பேனாவைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பேச்சு மாறுகிற மனிதர் இல்லை அவர். பேனாவைத் திருப்பி, பிடிக்கிற பக்கத்தை அவளிடம் நீட்டினார். முதுகு உள்ள நாற்காலியிலிருந்து ஆய்வாளர் எழுந்துகொண்டார். தங்கை அதில் உட்கார்ந்து தாளை நேராக வைத்தாள். மேசையின் ஓரத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்து இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். பேனாவைக் கோட்டின் மேல் கொண்டுபோய், வைக்காமல் நிறுத்தினாள். பின்னாலிருந்து முதலாளி தொண்டையைச் செருமினார்.

"பொறுங்க" என்றாள்.

பொறுத்தார்கள். வாங்கவந்தவர், விற்கிறவர், குத்து விட்டவர், உறையும் மெத்தையுமாக அக்கா, நாலு பேரும் அந்தப் பேனா முனையைப் பார்த்துக்கொண்டு, ஊசி நிற்கக் காத்திருக்கிறவர்கள்போல மூச்சு விடாமல் நின்றார்கள். பிறகு அவள் எழுதினாள். சாய்க்கவில்லை, நிமிர்த்தவில்லை, வாலை நீட்டவும் இல்லை. பழுப்புத் தாளில் பழகிய எதையும்போல அது இல்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தன் முழுப்பெயரைக் கோட்டின் மேலேயே, அக்கா விட்ட ஓரத்தையல்போல, ஏறாமல் இறங்காமல் எழுதினாள். எழுதிவிட்டு, தேதிக்கென்று இருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்து, இன்றைக்கு என்ன தேதி என்று திரும்பிக் கேட்டாள். நாலு பேரும் வாயைத் திறந்தார்கள். அக்காதான் முந்திக்கொண்டாள்:

17.06.2009, புதன்கிழமை.